கியர் லீவர் நடுங்கினால் எங்கே பார்ப்பது?

மோட்டார் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, 1991ஆம் ஆண்டு யூனொஸ் ரோட்ஸ்டர் ஒன்று கொழும்பில் வாங்கினேன். 1.6 எஞ்சின், ஐந்து கியர். ஓடச் சந்தோஷமாய்த்தான் இருக்கு. ஆனால் 3,300 சுற்றுக்கு வந்தவுடனே கியர் லீவர் நடுங்கத் தொடங்குது. பலாலி வீதியால் ஒருக்கால் போய் வந்தால் உள்ளங்கை விறைச்சுப் போகுது. லீவரின்ர அடியால் அனல் காற்றும் வருது. காலமையில் இரண்டாம் கியர் விழ மறுக்குது. பஞ்சிகாவத்தையில் ஷோர்ட் ஷிஃப்டர் வாங்கிப் போட்டால் எல்லாம் சரிவரும் என்று கூட்டாளி சொல்லுறான். போடலாமோ?
– வாசகர், கோண்டாவில்

பதில்: போட வேண்டாம் தம்பி. நீங்கள் எழுதியிருப்பது மூன்று முறைப்பாடு, மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. ஷோர்ட் ஷிஃப்டர் அதில் ஒன்றையும் தீர்க்காது. நடுக்கத்தைக் கூட்டிவிடவும் கூடும்.

முதலில் நடுக்கம். சன்னியும் ஸ்டார்லெட்டும் ஓடிப் பழகின கைக்கு ரோட்ஸ்டர் புதிதாகத்தான் இருக்கும். முன்சில்லு இழுக்கிற கார்களில் கியர் பொக்ஸ் முன்னுக்குக் குறுக்கே கிடக்கும். லீவருக்கும் அதற்கும் இடையில் கேபிளோ கம்பியோ, நடுவில் றப்பர் புஷ்களோ இருந்து நடுக்கத்தைக் குடித்துவிடும். உங்களுடைய காரில் லீவர் கியர் பொக்ஸின் மேலேயே குந்தியிருக்கிறது. அந்தக் கியர் பொக்ஸுக்கென்று தனி மவுண்டும் இல்லை. முன்னால் எஞ்சினுக்கு இரண்டு மவுண்ட், பின்னால் டிஃபரென்ஷல். கியர் பொக்ஸையும் டிஃபரென்ஷலையும் நீளமான அலுமினியச் சட்டம் ஒன்று முறுக்காகப் பிணைத்து வைத்திருக்கிறது. அக்ஸிலரேட்டரை மிதித்த கணமே பின்சில்லு பதில் சொல்வது அதனால்தான். எஞ்சினில் நடப்பதெல்லாம் கைக்கு வந்து சேர்வதும் அதனால்தான். தொஷிஹிகோ ஹிராயின் தலைமையில் அந்தக் காரைச் செய்து, 1989 பெப்ரவரியில் சிக்காகோவில் காட்டியவர்கள் தெரிந்தே அப்படி வைத்தார்கள். நடுக்கம் முழுக்கப் போக வேண்டுமென்றால் ஓட்டோ கியர் அக்ஸியோ ஒன்று வாங்கியிருக்கலாம்.

ஆனால் உள்ளங்கை விறைக்கும் அளவு நடுக்கம் அளவுக்கு மிஞ்சினதுதான். நாலு சிலிண்டர் எஞ்சினில் பிஸ்டன்கள் ஏறி இறங்குவதால் கிராங் ஒரு சுற்றுச் சுற்றும்போது இரண்டு உதைப்பு வரும். 3,300 சுற்று என்றால் செக்கனுக்கு 55 சுற்று, 110 உதைப்பு. லீவரும் அதன் குமிழும் தாமாக அதிரக்கூடிய வேகம் இதற்குக் கிட்டவாக இருந்தால் அந்த இடத்தில் மட்டும் துள்ளி அடிக்கும். மேலேயும் கீழேயும் அடங்கிவிடும்.

கராஜுக்குப் போக முன்னம் நீங்களே ஒரு சோதனை செய்யலாம். நிற்கிற இடத்தில் நியூட்ரலில் 3,300க்கு ஏற்றிப் பாருங்கள். அப்போதும் நடுங்கினால் எஞ்சின் மவுண்ட், எக்ஸோஸ்டின் தளர்ந்த வெப்பத் தகடு, லீவரின் புஷ் என்று அந்தப் பக்கம் தேட வேண்டும். நிற்கும்போது இல்லையென்றால் வீதியில் இறக்குங்கள். மூன்றாம் கியரில் 3,300 சுற்றுக்கு ஏறக்குறைய 62 கிலோமீற்றர் வேகம் வரும். எங்கள் 70 கிலோமீற்றர் எல்லைக்குள்தான், பயமில்லை. ஊர்மனை தாண்டினபிறகு செய்யுங்கள். அதே வேகத்தில் நான்காம் கியருக்குப் போட்டால் எஞ்சின் 2,500க்கு இறங்கும். நடுக்கம் நின்றுவிட்டால் அது எஞ்சினோடு போகிற நடுக்கம். நிற்காமல் தொடர்ந்தால் வேகத்தோடு போகிற நடுக்கம், அதற்கு புரொப்பெலர் ஷாஃப்டின் ஜொயின்ற், ரயர், றிம் என்று பார்க்க வேண்டும். கியர் லீவரைக் கழற்றி மினக்கெடுவதில் பயனில்லை.

இன்னொரு கேள்வியை விற்றவரிடம் கேளுங்கள்: கடைசியாகக் கிளச் மாற்றினது எப்போது? கிளச் மாற்ற அந்த அலுமினியச் சட்டத்தைக் கழற்றியே ஆக வேண்டும். திரும்பப் பூட்டும்போது கியர் பொக்ஸின் உயரத்தை அளந்து சரிபார்க்காமல் போல்ட்டை இறுக்கிவிட்டால் ஷாஃப்டின் கோணம் மாறி, அதற்குப் பிறகு கார் ஒருநாளும் அமைதியாக ஓடாது. ரோட்ஸ்டரைக் கண்டிராத கராஜ்களில் இது நடக்கிறது. பாஸைக் குறை சொல்லியும் பிரயோசனமில்லை, அவருக்கு ஹயேஸ் வானும் பட்டா லொறியும்தானே நாளாந்தம் வருகிறது.

சட்டம் சரியாக இருந்தால் எஞ்சின் மவுண்ட் இரண்டையும் மாற்றிவிடுங்கள். முப்பது வருடத்துக்கு மேலான றப்பர் அது. வெடிப்புத் தெரியாவிட்டாலும் கல்லாய் இறுகியிருக்கும். மாற்றும்போது றப்பரிலேயே போடுங்கள், பொலியூரிதேன் வேண்டாம். சாமானுக்குப் பஞ்சமில்லை. ரோட்ஸ்டரின் பத்து இலட்சமாவது கார் 2016இல் வெளிவந்தது. பழசுக்கும் இன்றுவரை பாகம் செய்கிறார்கள். அதற்குப் பிறகும் கொஞ்சம் மிச்சமிருந்தால் கனமான குமிழ் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். பாரம் கூடினால் லீவர் தானாக அதிரும் வேகம் இறங்கிவிடும், நடுக்கம் நீங்கள் அதிகம் பாவிக்காத சுற்றுக்குப் போய்விடும்.

அனல் காற்று சின்ன விஷயம். மேலே தெரிகிற தோல் உறைக்குக் கீழே இரண்டு றப்பர் உறை இருக்கிறது. அவை கிழிந்தால் எக்ஸோஸ்டின் சூடு நேரே உள்ளே ஏறும், எங்கள் செம்மண் தூசியும் ஏறும். லீவரைக் கழற்றினால் அது போய் உட்காருகிற குழிக்குள் கொஞ்ச ஒயில் நிற்க வேண்டும். கியர் பொக்ஸின் ஒயிலோடு அதற்குச் சம்பந்தமில்லை, 100 மில்லிலீற்றருக்கும் குறைவாகத்தான் பிடிக்கும். கியர் ஒயில் மாற்றுகிறவர்கள் இந்தக் குழியை அனேகமாக மறந்துவிடுவார்கள். திறந்தால் கரிய சேறு மாதிரி ஏதோ கிடக்கும், அல்லது காய்ந்து போயிருக்கும். ஊசியால் உறிஞ்சித் துடைத்துவிட்டுப் புது ஒயில் விடுங்கள். லீவரின் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் புஷ்ஷையும் மாற்றுங்கள். கியர் விழுகிற விதமே மாறியிருப்பது கையில் தெரியும்.

இரண்டாம் கியர் பற்றி. குளிர் நாட்டில் இருக்கிறவர்கள் 'காலமையில் இரண்டாம் கியர் இறுக்கம் என்பது ரோட்ஸ்டரின் சுபாவம்' என்று சொல்வார்கள். அங்கே ஒயில் குளிரில் தடித்துப் போகும். மார்கழி விடியற்காலையில்கூட 20 பாகைக்குக் கீழே அனேகமாக இறங்காத யாழ்ப்பாணத்தில் அந்தச் சாட்டு எடுபடாது. ஒன்றில் பிழையான ஒயில் விட்டிருக்கிறார்கள், இல்லாவிட்டால் சிங்க்ரோ வளையம் தேய்ந்திருக்கிறது. ஜிஎல்-4 தரத்தில் 75டபிள்யூ-90 விட்டு ஆயிரம் கிலோமீற்றர் ஓடிப் பாருங்கள். டிஃபரென்ஷலுக்கு விடுகிற ஜிஎல்-5 கடைகளில் மலிவாய்க் கிடக்கும், அதை கியர் பொக்ஸுக்கு விட விடாதீர்கள். பல ஜிஎல்-5 ஒயில்கள் சிங்க்ரோவின் பித்தளையைப் பிடிக்கவிடாமல் வழுக்கிவிடும். றிவேர்ஸ் போடும்போதும் 'கர்' என்றால் கிளச் முழுதாக விடுபடவில்லை. அப்படியென்றால் கீழே இருக்கும் சிலேவ் சிலிண்டரில் ஒழுக்கு இருக்கிறதா என்று பாருங்கள்.

கூட்டாளியின் யோசனைக்கு வருகிறேன். கிணற்றுத் துலாவில் ஆடுகாலை நகர்த்தினால் என்ன நடக்குமோ அதுதான் ஷோர்ட் ஷிஃப்டரில் நடக்கிறது. கை போகிற தூரம் குறையும், தள்ள வேண்டிய பலம் கூடும். அந்தப் பலம் நேரே சிங்க்ரோவில்தான் விழும். இரண்டாம் கியர் ஏற்கெனவே முரண்டு பிடிக்கிற பெட்டியில் அதைப் பூட்டினால் மாரி முடிய முன்னம் பெட்டியை இறக்க வேண்டி வரும். உங்கள் காருக்கு வந்த லீவரே ஐந்து சென்ரிமீற்றர் அளவில்தான் அசைகிறது. இதைவிடக் குறுக்கி என்ன செய்யப் போகிறீர்கள்?

கேள்வி: என்ர ஹொண்டா சிவிக் ஈகேக்கு ரேஸ் மவுண்ட் போட்டேன். இப்ப சிக்னலில் ஏசி போட்டு நிற்கேக்கை லீவர், கண்ணாடி, பல்லு எல்லாம் ஆடுது. கியர் மட்டும் 'ரக் ரக்' என்று நல்லாய் விழுது. இரண்டும் ஒன்றாய்க் கிடைக்க வழியில்லையா அண்ணா?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: பாதி கிடைக்கும். ஈகேயில் லீவரையும் கியர் பொக்ஸையும் இரண்டு கம்பி இணைக்கிறது. ஒன்று கியரை மாற்றும், மற்றது லீவரின் அடியை அசையாமல் பிடிக்கும். இரண்டாவது கம்பியின் நுனிகளில் இருக்கும் றப்பர்தான் வருடக்கணக்கில் தொளதொளத்துப் போய், கியர் எங்கே கிடக்கிறது என்று தேட வைக்கிறது. அதை மட்டும் புதிதாகப் போட்டிருந்தாலே நீங்கள் தேடின 'ரக்' வந்திருக்கும். மவுண்டில் கை வைத்திருக்கவே தேவையில்லை. இப்போது செய்யக்கூடியது, மவுண்டுகளைத் திரும்ப றப்பருக்கு மாற்றிவிட்டுக் கம்பிப் புஷ்ஷைப் புதிதாக்குவது. ஐடில் சுற்றையும் பாருங்கள், ஏசி கொம்பிரசர் பிடிக்கும்போது அது விழுந்தால் எந்த மவுண்டும் ஆடும். இந்தக் கியர் பொக்ஸுக்கு ஹொண்டா எம்டிஎஃப்தான், அது கிடைக்காத இடத்தில் 10டபிள்யூ-30 எஞ்சின் ஒயில். தடித்த கியர் ஒயில் விட்டிருந்தால் இன்றே இறக்குங்கள்.

கேள்வி: ஓடும்போது இடது கையை கியர் லீவரிலேயே வைத்திருப்பது பிழையா?
– வாசகி, சுன்னாகம்

பதில்: பிழை. கையின் பாரம் உள்ளே இருக்கும் கவையைச் சுற்றுகிற வளையத்தோடு உரசவிட்டுக்கொண்டே இருக்கும். இரண்டும் தேயும். கியர் மாற்றினவுடன் கையை ஸ்டியரிங்குக்கு எடுத்துவிடுங்கள்.

கேள்வி: அப்பப்பாவின் மொரிஸ் மைனர் 1000 எங்கள் வளவில் நிற்கிறது. 90களில் மண்ணெண்ணெயில் ஹயருக்கு ஓடின கார். இப்போது ஓட்டமாக்கினோம். லீவர் ஐடிலில் 'கிலுங் கிலுங்' என்று அடிக்கிறது. முதலாம் கியர் போட்டால் கத்துகிறது. மண்ணெண்ணெய் கியர் பொக்ஸைக் கெடுத்துவிட்டதா?
– வாசகர், பருத்தித்துறை

பதில்: இல்லை, கியர் பொக்ஸ் மண்ணெண்ணெயைக் காணவே இல்லை. 1990இல் பெற்றோல் வருவது நின்றபோது குடாநாட்டில் ஓடினவை இந்தப் பழைய மொரிஸும் ஒஸ்டினும்தான். காபரேட்டருக்குள் சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடேறின பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் அமுக்கத்தைத் தாங்காது, நேரத்துக்கு முதலே வெடித்து எஞ்சினை அடிக்கும். புதிய ஜப்பான் எஞ்சின்களைவிட இவற்றின் அமுக்கம் குறைவு என்பதால் பிழைத்தன. கெட்டது எஞ்சின் பக்கம். எரியாத மண்ணெண்ணெய் சம்ப்புக்கு வடிந்து ஒயிலைத் தண்ணியாக்கும், பெயரிங் தேயும். ஆகவே ஒயில் பிரஷரை அளந்து பார்க்காமல் தூர ஓட வேண்டாம்.

லீவரின் கிலுங்கலுக்கு லீவர் மூடியின் பக்கத்தில் ஒரு ஸ்பிரிங்கும் ஊசி மாதிரி ஒரு முளையும் இருக்கிறது. லீவரை அடக்கி வைப்பதே அவற்றின் வேலை. ஸ்பிரிங் உடைந்திருக்கும் அல்லது முளை தேய்ந்திருக்கும். முளையைக் கடைச்சல் பட்டறையில் கடைந்து எடுக்கலாம். கியர் பொக்ஸின் பின்பக்க மவுண்ட் றப்பரையும் விரலால் அமத்திப் பாருங்கள். வருடக்கணக்காக ஒயில் ஒழுகின காரில் அது ஊறி, களி மாதிரி மென்மையாய் இருக்கும், விரலில் கறுப்பாய் ஒட்டும். அப்படி இருந்தால் ஒழுக்கை நிற்பாட்டின பிறகு மாற்றுங்கள், முன்னமே மாற்றினால் புதுசும் ஊறிவிடும்.

முதலாம் கியர் கத்துவது பழுதில்லை. மைனரின் முதலாம் கியருக்கு சிங்க்ரோ ஒருநாளும் இருந்ததில்லை. 1958இல் இங்கிலாந்தில் வந்த ஒஸ்டின்-ஹீலி ஸ்பிரைட் என்ற ஸ்போர்ட்ஸ் காருக்கும் இதே குடும்பத்து 948 சிசி எஞ்சினும் கியர் பொக்ஸும்தான், அதிலும் முதலாம் கியர் அப்படித்தான் கத்தும். கார் முழுதாய் நின்ற பிறகு கிளச்சை மிதித்து, மனதுக்குள் மூன்று எண்ணிவிட்டுப் போடுங்கள். அப்படியும் கத்தினால் இரண்டாம் கியரை ஒருக்கால் தொட்டுவிட்டு முதலாமுக்கு இழுங்கள்.