அடுக்கிப் பார்க்கும் கலை: ஓர் இளம் ஆராய்ச்சியாளருக்கு



ரிபோசோம் ஆர்.என்.ஏ.வின் வரிசைகளை ஒப்பிட்டு ஆராயும் வேலையை மேற்கொண்டிருக்கிறாய் என்றும், மடிப்புப் படத்தையும் வம்ச விருட்சத்தையும் கணினியே நொடியில் வரைந்து தரும் இக்காலத்தில் வரிசைகளைக் கையால் அடுக்கிப் பார்க்கச் சொல்லும் பெரியவர்களின் பிடிவாதம் விளங்கவில்லை என்றும் எழுதியிருந்தாய். அந்தப் பிடிவாதக்காரர்களில் நானும் ஒருவன். ஆகையால் பதில் சற்று நீளும்.

ஈ. கோலை பாக்டீரியத்தின் 16எஸ் ஆர்.என்.ஏ. 1542 எழுத்துகள் கொண்ட ஒற்றை இழை. ஜி-யோடு சி-யும் ஏ-யோடு யு-வும் இணையும் என்ற விதியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அதை மடிக்கப் புகுந்தவன் எண்ணிறந்த விதங்களில் மடித்துவிடலாம். ஆற்றல் மிகக் குறைந்த மடிப்பே மெய்யானது என்று கணக்கிடும் யுக்தியும் இவ்வளவு நீண்ட இழையில் பல இடங்களில் வழுக்கிவிடுகிறது. காலிபோர்னியாவில் ஹாரி நாலரும் இல்லினாயில் கார்ல் வோஸும் இச்சிக்கலை அவிழ்க்க முக்கியமாக நாடியது ஜீவராசிகளின் சரித்திரத்தை. ஓர் உயிரில் ஓரிடத்தில் ஜி நிற்க, நூறு எழுத்துக்கு அப்பால் சி நிற்கிறது. மற்றோர் உயிரில் முன்னது ஏ-யாக மாறியிருக்கப் பின்னதும் யு-வாக மாறியிருக்கிறது. வேறொன்றிலோ இரண்டும் இடம் மாறி, சி-யும் ஜி-யுமாக நிற்கின்றன. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு எழுத்துகள், தனித்தனியே பிரிந்து வந்த பல வம்சங்களில், இப்படிப் பேசி வைத்துக்கொண்டதுபோல் மாறுவதற்கு நியாயமில்லை. எனவே அவை இணைந்தே இருக்கவேண்டும் என்பது அவர்களது அனுமானம். இடையிடையே ஜி-யும் யு-வும் தளர்வாக இணைந்திருக்கும் உயிர்களும் தென்படும். ஜி–சி இணை ஏ–யு இணையாக மாறுகையில் பரிணாமம் கடந்துசெல்லும் படிகளில் அதுவும் ஒன்று.

2000-ஆம் ஆண்டில் ரிபோசோமின் படிகங்களிலிருந்து அணு அணுவாக அதன் வடிவம் வெளிப்பட்டபோது, இவ்வாறு வெறும் ஒப்பீட்டினால் குறித்துவைத்திருந்த இணைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழுக்குக் குறையாமல் மெய்யென்று தெரிந்தது. அனுமானம் இவ்வளவு தூரம் பிரத்தியட்சத்தோடு பொருந்திய சந்தர்ப்பங்கள் உயிரியலில் அதிகமில்லை. அந்தப் படிக ஆராய்ச்சிக்காக 2009-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவரான வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் நம் சிதம்பரத்தில் பிறந்தவர் என்பதைச் சொல்லாமல் என்னால் மேலே செல்ல முடியவில்லை.

இந்த ஒப்பீட்டு முறையில் ஒரு சூட்சுமம் உண்டு. 16எஸ் ஆர்.என்.ஏ.வில் 1492, 1493 ஆகிய இடங்களில் நிற்கும் இரண்டு ஏ-க்கள் உயிருலகம் முழுவதிலும் அநேகமாக மாறுவதே இல்லை. மாறாத எழுத்து, தான் எதனோடு இணைகிறது என்பதை ஒப்பீட்டுக்கு ஒருபோதும் சொல்லித் தராது. அது ஏதோ இன்றியமையாத காரியத்தைச் செய்கிறது என்பதை மட்டுமே தெரிவிக்கும். அந்த இரண்டும் வெளியே நீண்டு, வரும் டி-ஆர்.என்.ஏ. சரியானதுதானா என்று தடவிப் பார்க்கின்றன என்பதைப் படிகமே காட்டவேண்டியிருந்தது. ஆகவே மாறும் எழுத்திடம் வடிவத்தைக் கேள். மாறாத எழுத்திடம் தொழிலைக் கேள். இவ்விரண்டையும் குழப்பி எழுதிய கட்டுரைகளைப் படித்து நான் அலுத்துப் போயிருக்கிறேன்.

வம்ச விருட்சத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. முழு வரிசையைப் படிக்க வழியில்லாத காலத்தில், ஜி வரும் இடந்தோறும் வெட்டும் நொதியால் இழையைத் துண்டாக்கி, கதிரியக்கப் பாஸ்பரஸ் படத்தகட்டில் பதித்த புள்ளிகளை விளக்குப் பலகையின்மேல் வைத்து வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்த வோஸுக்கு, பாக்டீரியாவில் வழக்கமாகத் தென்படும் துண்டுகள் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களில் காணப்படாததே, ஆர்க்கியா என்ற மூன்றாம் குலத்தைக் காட்டிக்கொடுத்தது. 1977-இல் ஜார்ஜ் ஃபாக்ஸுடன் அவர் அதை வெளியிட்டபோது நம்பாதவர்களே மிகுதி. ஆனால் இதே மூலக்கூறு ஆராய்ச்சியாளர்களை வழிதவறவும் செய்திருக்கிறது: மைக்ரோஸ்போரிடியா என்னும் ஒட்டுண்ணிகளின் வரிசை மிக வேகமாக மாறியிருந்தமையால், வேகமாக மாறியவற்றை மரத்தின் அடியை நோக்கித் தள்ளிவிடும் கணக்குமுறைகள் அவற்றை உட்கருவுடைய உயிர்களுள் மிகப் புராதனமானவை என்று காட்டின, பிறகு புரத ஜீன்களைப் பார்த்தபோது அவை பூஞ்சைகளின் சுற்றத்தார் என்று தெரியவந்தது.

இன்னொன்று. ஈ. கோலையில் 2904 எழுத்துகளாக இருக்கும் பெரிய ஆர்.என்.ஏ.வுக்கு ஈடானது மனிதனில் ஐயாயிரம் எழுத்துகளைத் தொடுகிறது; மிகுதி எல்லாம் பழைய மையக்கருவின் மேல் பிற்காலத்தில் முளைத்த கிளைகள். சுவடிப் பதிப்பாசிரியன் இடைச்செருகலை மூலத்தின் அடிகளோடு சரிக்குச் சரி நிறுத்துவதில்லை. நீயும் இக்கிளைகளைப் பாக்டீரியாவின் எழுத்துகளோடு வலிந்து பொருத்தாதே. இணைகளால் நிலைநாட்ட முடியாத பகுதியை ஒதுக்கிவிட்டுக் கணக்கிடுவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

முதலில் 5எஸ் ஆர்.என்.ஏ.வை எடுத்துக்கொள், 120 எழுத்துகள்தாம். ஈ. கோலையில் முதல் எழுத்து யு, 119-ஆவது ஏ. இரண்டாவது ஜி, 118-ஆவது சி. மூன்றாவது சி, 117-ஆவது ஜி. இப்படி இரு முனைகளும் ஒன்றையொன்று தழுவிக்கொண்டு போகின்றன. பத்துப் பன்னிரண்டு பாக்டீரியா, ஆர்க்கியா வரிசைகளைக் கட்டம் போட்ட தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, எந்தெந்த இணைகள் சேர்ந்து மாறியிருக்கின்றன என்று சிவப்பு மையால் குறித்து, கணினியின் படத்தைப் பார்ப்பதற்கு முன்பாகவே எனக்கு அனுப்பிவை.