காய்ச்சல் விட்டதும் தொடங்கும் வேலை: டெங்குக் குழந்தையை வார்டில் கவனிப்பது எப்படி?

"காய்ச்சல் விட்டுருச்சு சிஸ்டர், வீட்டுக்குப் போலாமா?"

வடகிழக்குப் பருவமழை மாதங்களில் தமிழ்நாட்டின் குழந்தைகள் வார்டுகளில் ஓயாமல் கேட்கும் கேள்வி இது. நேற்றுவரை அனலாய்க் கொதித்த உடம்பு காலையில் தணிந்திருக்கிறது, பிள்ளை எழுந்து உட்கார்ந்திருக்கிறது. அம்மாவுக்கு நிம்மதி. புதிதாக டியூட்டிக்கு வந்த செவிலியருக்கும் நிம்மதி. ஆனால் டெங்குவில் ஆபத்து தலைகாட்டுவது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான். காய்ச்சல் தொடங்கிய 3 முதல் 7 நாளுக்குள், சூடு இறங்கும்போது, ரத்தக்குழாய்களிலிருந்து பிளாஸ்மா கசியத் தொடங்கும். இந்தக் கட்டம் 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். அதைக் கவனித்துக் கடத்திவிட்டால் இறப்பு 1 சதவீதத்துக்கும் கீழே போய்விடுகிறது. 1960-களிலிருந்து பாங்காக் குழந்தைகள் மருத்துவமனையில் டாக்டர் சுசித்ரா நிம்மானித்யா நோயாளிகளைக் கவனித்து எழுதி வைத்தவை, பின்னாளில் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டிக்கே அடிப்படையாயின. கருவி குறைவாக இருந்த அந்தக் காலத்திலும் கையும் கண்ணும் நிறையச் சொல்லின.

முதலில் நாள் கணக்கு. "மூணு நாளா காய்ச்சல்" என்பது போதாது. எந்தக் கிழமை, காலையா ராத்திரியா என்று கேட்டு கேஸ் ஷீட்டின் தலைப்பில் எழுத வேண்டும். கையோடு, வீட்டில் கொடுத்த மருந்துப் பாட்டிலைக் கொண்டுவரச் சொல்ல வேண்டும். "காய்ச்சல் மருந்துதான்" என்பார்கள். பாட்டிலில் மெஃபெனமிக் ஆசிடோ ஐபுபுரூஃபனோ இருக்கும். இரண்டும் ரத்தக்கசிவைக் கூட்டக்கூடியவை. டெங்குவுக்குப் பாராசிட்டமால் மட்டுமே, அதுவும் எடைக்கு ஏற்ற அளவில். தசையில் ஊசி கூடாது. மாதுளை, பீட்ரூட் போன்ற சிவப்புச் சாறுகளையும் சில நாள் நிறுத்தச் சொல்வது நல்லது. அதைக் குடித்த பிள்ளை வாந்தி எடுத்தால், அது ரத்தமா சாறா என்று வார்டே கூடி ஆராய வேண்டிவரும்.

விடாத வாந்தி, வயிற்று வலி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், சோர்வு அல்லது நிலைகொள்ளாத தவிப்பு: இவை எச்சரிக்கை அறிகுறிகள் என்பது எல்லாச் செவிலியருக்கும் தெரியும். தடுமாற்றம் அடுத்த கட்டத்தில்தான்.

அதிர்ச்சி நிலைக்குப் போகும் டெங்குக் குழந்தை மயங்கிக் கிடக்கும் என்று எதிர்பார்ப்பது தவறு. கடைசிவரை விழித்திருக்கும், கேட்டதற்குப் பதில் சொல்லும். முகத்தைப் பார்த்து ஏமாறாமல் காலைத் தொட வேண்டும். பாதத்தில் தொடங்கி மேலே முழங்கால் வரை புறங்கையை நகர்த்தினால், குளிர்ச்சி எங்கே முடிகிறது என்று தெரியும். கணுக்காலில் நின்ற குளிர்ச்சி ஒரு மணி நேரத்தில் முழங்காலுக்கு ஏறினால் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். பிறகு விரல் நுனியை இதய மட்டத்துக்குச் சற்று மேலே தூக்கி, 5 விநாடி அழுத்தி விட வேண்டும். வெளுத்த இடம் 2 விநாடிக்குள் சிவக்க வேண்டும். ஏசி அறையில் இந்தச் சோதனை பொய் சொல்லும். போர்வைக்குள் கையைக் கொஞ்ச நேரம் வைத்திருந்து பார்ப்பதே சரி.

அடுத்தது ரத்த அழுத்தம். அதிகம் கோட்டை விடுவது இங்கேதான். பிளாஸ்மா கசியும்போது குழந்தையின் உடம்பு ரத்தக்குழாய்களை இறுக்கிச் சமாளிக்கிறது. அதனால் மேல் அளவு அப்படியே நிற்கும், கீழ் அளவு ஏறும். எட்டு வயதுப் பிள்ளைக்குக் காலையில் 100/66, பிறகு 100/76, அதற்குப் பிறகு 98/80 என்று வரிசையாக வந்தால், மேல் அளவை மட்டும் பார்ப்பவர் "பி.பி. நார்மல்" என்று எழுதிவிட்டுப் போவார். இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள்: 34, 24, 18. இந்த வித்தியாசம் 20-க்கு இறங்கினாலே அதிர்ச்சி தொடங்கிவிட்டது என்று பொருள். மேல் அளவு இறங்கும்வரை காத்திருந்தால் நேரம் கடந்துவிடும். சார்ட்டில் இந்த வித்தியாசத்துக்குத் தனிக் கட்டம் இல்லையென்றால், சிவப்புப் பேனாவால் ஒரு கட்டம் போட்டே ஆக வேண்டும். மனக்கணக்கு இரவு டியூட்டியில் உதவாது.

அளக்கும் விதத்திலும் கவனம் தேவை. கஃபுக்குள் இருக்கும் காற்றுப் பையின் அகலம் கையின் சுற்றளவில் ஏறக்குறைய 40 சதவீதம் இருக்க வேண்டும். சிறிய கஃப் அளவைக் கூட்டிக் காட்டும், பெரியது குறைத்துக் காட்டும். வார்டில் இருக்கும் ஒரே கஃபை எல்லாப் பிள்ளைக்கும் சுற்றுவது அளப்பதே ஆகாது. ஒவ்வொரு முறையும் அதே கை, அதே கஃப், முடிந்தால் அம்மா மடியில். நாடி பலவீனமாக இருக்கும்போது தானியங்கி மானிட்டர் தடுமாறும், அப்போது ஸ்டெதஸ்கோப் வைத்துக் கையால் பார்ப்பதே நம்பகம். ஆபத்துக் கட்டம் தாண்டும்வரை 1 முதல் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை. அதிர்ச்சி வந்துவிட்டால் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை.

பெற்றோருக்கு பிளேட்லெட் மேல்தான் கண். அண்டை வீட்டார் முதல் ஆட்டோக்காரர் வரை எல்லோரும் அதைத்தான் விசாரிக்கிறார்கள். செவிலியர் முதலில் பார்க்க வேண்டியது பி.சி.வி., அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம். 35-ல் இருந்தது 42 ஆனால் 20 சதவீத ஏற்றம். கசிவு பலமாக நடக்கிறது. பிள்ளையின் நிலை மோசமாகும்போது பி.சி.வி. இறங்கினால் அது நல்ல செய்தி அல்ல, உள்ளே ரத்தக்கசிவு இருக்கலாம்.

ட்ரிப் வேகத்தை டாக்டர் எழுதுவார். அதைக் காப்பது செவிலியர் வேலை. இன்ஃப்யூஷன் பம்ப் இல்லையா? மைக்ரோ ட்ரிப் செட்டில் 60 சொட்டு ஒரு மில்லிலிட்டர். ஆகவே மணிக்கு எத்தனை மில்லியோ, நிமிடத்துக்கு அத்தனை சொட்டு. 20 கிலோ பிள்ளைக்குக் கிலோவுக்கு 5 மில்லி என்றால் மணிக்கு 100 மில்லி, நிமிடத்துக்கு 100 சொட்டு. கால்குலேட்டர் தேவையில்லை. சிறுநீர் கிலோவுக்கு மணிக்கு அரை மில்லி போனால் போதும். இதே பிள்ளைக்கு 6 மணி நேரத்தில் 60 மில்லி. டயப்பர் கட்டியிருந்தால் எடை போடுங்கள், கூடியது ஒரு கிராம் என்றால் ஒரு மில்லி. "நல்லா போறான் சிஸ்டர்" என்பது அளவு அல்ல. தாராளமாகப் போனாலும் சந்தோஷப்படக் கூடாது, திரவம் அதிகமாகியிருக்கலாம் என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

ஏனென்றால் கசிந்ததெல்லாம் ஓரிரு நாளில் ரத்தக்குழாய்க்குள் திரும்பி வரும். அப்போதும் ட்ரிப் ஓடிக்கொண்டிருந்தால் நுரையீரலில் நீர் கோக்கும். இமை வீங்கி, இருமல் வந்து, மூச்சு வேகமானால் ட்ரிப்பைக் குறைப்பதா நிறுத்துவதா என்று அந்த நிமிடமே டாக்டரிடம் கேட்க வேண்டும், காலை ரவுண்ட்ஸ்வரை தள்ளிப்போடக் கூடாது.

அம்மாவின் முதல் கேள்விக்குப் பதில் இதற்குப் பிறகுதான். 48 மணி நேரம் காய்ச்சல் இல்லை, பிள்ளை சாப்பிடுகிறது, சிறுநீர் சரியாகப் போகிறது, பிளேட்லெட் ஏறுமுகம், ட்ரிப் இல்லாமலே பி.சி.வி. நிலையாக இருக்கிறது. இத்தனையும் சேர்ந்தால்தான் டிஸ்சார்ஜ். ஒன்று குறைந்தாலும் "இன்னும் ஒரு ராத்திரி இருங்கம்மா" என்று சொல்லத் தயங்க வேண்டாம்.