புது வயலின் வேண்டாம்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய பைரவி வர்ணத்தை இரண்டு தடவை கேட்டேன். "சத்தமே சரியில்லை, வயலினை மாத்திடலாமா அண்ணா?" என்று கேட்டிருக்கிறாய். அப்பாவிடம் பணம் கேட்பதற்கு முன் இதைப் படி. இடது கை நன்றாகத்தான் போகிறது. குறை வில்லில்.

வில் தந்தியைத் தேய்க்கிறது என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். நடப்பது வேறு. ரோசின் பூசிய குதிரைமுடி தந்தியைப் பிடித்துக் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகிறது, தந்தி வழுக்கித் திரும்புகிறது, மறுபடி பிடிபடுகிறது. ஒரு கட்டை சுருதியில் மத்யஸ்தாயி ஸட்ஜம் என்றால், நொடிக்குச் சுமார் 260 தடவை இப்படி. ஒவ்வொரு தடவையும் ஒரு மடிப்பு தந்தியின் மேல் ஓடித் திரும்புகிறது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கண்டுபிடித்துவிட்டார். அந்த மடிப்பு சுற்றி வந்து தட்டும்போதுதான் வில் பிடியை விடவேண்டும். அழுத்தம் போதாவிட்டால் நடுவிலேயே நழுவி, சத்தம் கீச்சென்று மேலோட்டமாகப் போகும். மிஞ்சினால், தட்டினாலும் விடாது, கரகரக்கும். உன் மந்தர பஞ்சமத்தில் கேட்பது அந்தக் கரகரப்புதான்.

எவ்வளவு அழுத்தலாம் என்பது வில் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சர் சி.வி. ராமன் ஒளிச்சிதறலில் பேர் வாங்குவதற்கு முன் கல்கத்தாவில் இதற்கென்றே ஓர் இயந்திரம் செய்தார். வில்லை நிறுத்திவைத்து வயலினை முன்னும் பின்னும் நகர்த்தும் வேடிக்கையான ஏற்பாடு! குதிரையை (பிரிட்ஜை) நெருங்க நெருங்க அழுத்தம் கூட வேண்டும் என்று அதில் அளந்து, 1920இல் எழுதினார். குதிரையோரம் மெதுவாக, அழுத்திப் போட்டால் கணீரென்று வரும். தள்ளிப்போனால் லேசாக, வேகமாகப் போடவேண்டும், நாதம் மிருதுவாகும். நீயோ ஃபிங்கர்போர்டு ஓரம் போய் அங்கே அழுத்துகிறாய். சத்தம் பெரிதாக வேண்டுமா, வில்லை இன்னும் வேகமாக விடு, இல்லை குதிரைப் பக்கம் வா.

இன்னொன்று. ஸ்வரத்துக்கு ஒரு வில் போடுகிறாய். நிஷாதத்தை அசைத்து இறங்கும்போது நடுவில் வில் திரும்பினால் கமகம் இரண்டாக முறிகிறது. டி.என். கிருஷ்ணன் பதிவு ஏதாவது எடு. விரலை மறந்துவிட்டு, வில் எங்கே திரும்புகிறது என்பதை மட்டும் கேள். பல இடங்களில் கண்டுபிடிக்கவே முடியாது. எனக்கு அது இன்றும் பொறாமை.

வாசித்து முடித்ததும் வில்லின் திருகைத் தளர்த்திவிட்டுப் பெட்டியில் வை. உன் வயதில் நான் தளர்த்தாமலே வைப்பேன். ஒரு கோடை கழித்துப் பார்த்தால் கம்பின் வளைவே போய்விட்டது. அதற்கப்புறம் அந்த வில் தந்தியில் துவண்டுகொண்டே கிடந்தது.

நாளை வாசித்தபின் தந்தியைத் துடைக்காதே. ரோசினின் வெள்ளைப் பொடி எங்கே படிந்திருக்கிறது என்று பார். விரற்கடை அகலத்தில் ஒரே பட்டையாக இருக்கிறதா, ஃபிங்கர்போர்டு வரை பரவிக் கிடக்கிறதா? போட்டோ எடுத்து அனுப்பு. கடைக்குப் போவதா என்று அப்புறம் பேசலாம்.

அன்புடன்,
அண்ணா