மாத்தறை வைரம் வைரமா?

கேள்வி: மகளின் கலியாணத்துக்கு வைரத் தோடு வாங்க யாழ்ப்பாணம் போகிறோம். தரத்தை எப்படிப் பார்ப்பது?
– வாசகி, நெடுந்தீவு

பதில்: முதலில் கல் வைரம்தானா என்று பாருங்கள். 'மாத்தறை வைரம்' என்று பேர்பெற்றது நிறமற்ற சேர்க்கோன் கல். பத்து மடங்கு பெருக்கும் லென்ஸில் சாய்த்துப் பார்த்தால், அதன் அடிப்பட்டை விளிம்புகள் இரட்டைக் கோடாகத் தெரியும். வைரத்தில் ஒற்றைக் கோடுதான்.

செயற்கைக் கல்லான கியூபிக் சேர்க்கோனியாவிலும் ஒற்றைக் கோடே தெரியும் என்பதால் கண்ணை மட்டும் நம்ப முடியாது. கொழும்பில் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையின் பரிசோதனைக்கூடம் இருக்கிறது. பதிக்கும் முன்பே கல்லைச் சோதிப்பது நல்லது.

அசல் என்றால், பட்டை தீட்டலுக்கே முதலிடம். மினுக்கம் பெரும்பாலும் அதிலிருந்துதான் வருகிறது. நிறம் 'டி'யில் தொடங்கி 'இசட்' வரை மெல்ல மஞ்சளேறும். மஞ்சள் தங்கத் தோட்டுக்கு 'எச்' தாராளம். லென்ஸுக்கு மட்டும் தெரியும் உட்கறைக்குப் பயந்து கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை.