பேக்கப்பை எத்தனை நாள் பூட்டி வைப்பது?

காட்டுப்பள்ளித் துறைமுகம் வழியாகச் சரக்கு அனுப்பும் கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளில் இன்வாய்ஸ், ஷிப்பிங் பில், சம்பளப் பட்டியல் எல்லாமே கணினியில்தான் இருக்கின்றன. அவற்றுக்குப் பேக்கப் எடுக்கும்போது இரண்டு காலக்கெடுவை முடிவு செய்ய வேண்டும். ஒன்று, பிரதியை எவ்வளவு காலம் வைத்திருப்பது. மற்றொன்று, அதை யாரும் அழிக்கவோ திருத்தவோ முடியாதபடி எவ்வளவு காலம் பூட்டி வைப்பது. இரண்டையும் ஒன்றெனக் கருதுவதில்தான் பல தவறுகள் தொடங்குகின்றன.

நம்பிக்கை: தினமும் பேக்கப் எடுத்தால் போதும்.

உண்மை: தரவை முடக்கிப் பணம் பறிக்கும் ரான்சம்வேர் கும்பல்கள் பல நேரம் அட்மின் பாஸ்வேர்டைத் திருடி, பேக்கப்பையும் அழிக்கின்றன. 2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்ற நச்சு நிரல் தாக்கியபோது, மும்பை அருகே ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் மெர்ஸ்க் கப்பல் குழுமத்தின் சரக்குப்பெட்டக முனையம் முடங்கியது. அந்த நிறுவனத்தின் உலகளாவிய வலையமைப்பை இயக்கிய டொமைன் சர்வர்கள் அழிந்தன. மின்வெட்டால் இணைப்பு அறுந்திருந்த கானா நாட்டு சர்வர் ஒன்று மட்டும் தப்பியது. மெர்ஸ்க்குக்கு மீட்புக்கான அந்தப் பிரதி தற்செயலாக வாய்த்தது. பூட்டிய பேக்கப் இருந்தால் நாம் அதிர்ஷ்டத்தை நம்ப வேண்டியதில்லை.

நம்பிக்கை: ஏழு நாள் பூட்டு தாராளம்.

உண்மை: ஊடுருவியவர்கள் வாரக்கணக்கில் ஓசையின்றிப் பதுங்கியிருக்கலாம். அப்படியானால் பூட்டிய ஏழு பிரதிகளிலும் அதே நச்சு நிரல் இருக்கும். ஊடுருவலைக் கண்டுபிடிக்க உங்களுக்கு எவ்வளவு காலம் ஆகுமோ, அதைவிடப் பூட்டு நீளமாக இருக்க வேண்டும். சிறு நிறுவனம் தினசரிப் பிரதிகளை 30 நாளும், மாத இறுதிப் பிரதிகளை அதைவிடக் கூடுதலாகவும் பூட்டுவது நல்ல தொடக்கம்.

நம்பிக்கை: சட்டம் எட்டு ஆண்டு கேட்கிறது, எல்லாவற்றையும் எட்டு ஆண்டு பூட்டிவிடலாம்.

உண்மை: கம்பெனிகள் சட்டம் 2013 கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது. ஜிஎஸ்டி சட்டப்படி, ஆண்டு ரிட்டர்னின் கெடு நாளிலிருந்து 72 மாதங்கள். கணினி அமைப்புகளின் லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 உத்தரவு. இவையெல்லாம் ஆவணங்களுக்கான கெடு. அதற்காக ஒவ்வொரு நாள் பேக்கப்பையும் எட்டு ஆண்டு பூட்ட வேண்டியதில்லை. ஆண்டு இறுதிப் பிரதியைத் தனியே பாதுகாத்தால் போதும். கிளவுடில் ‘கம்ப்ளையன்ஸ்’ முறையில் பூட்டினால், கெடு முடியும்வரை உரிமையாளராலும் அழிக்க முடியாது. சேமிப்புக் கட்டணமும் நிற்காது. தேவை முடிந்த தனிநபர் தரவை அழிக்க வேண்டும் என்கிறது 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். வேலையை விட்டுப்போன ஒப்பந்தத் தொழிலாளியின் ஆதார் நகலைக் காரணமின்றி ஆண்டுக்கணக்கில் பூட்டி வைப்பது அவருக்குச் செய்யும் தீங்கு.

நம்பிக்கை: பூட்டிய பிரதி சர்வர் அறையிலேயே இருக்கலாம்.

உண்மை: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் எண்ணூர், மீஞ்சூர் பகுதிகளை வெள்ளத்தில் தள்ளியது. டிஜிட்டல் பூட்டு வெள்ளத்தைத் தடுக்காது. ஒரு பிரதியாவது கடலோரத்தை விட்டு வேறு ஊரில் இருக்கட்டும். கம்பெனிகளின் மின்னணுக் கணக்குப் புத்தகங்களுக்கு இந்தியாவிலுள்ள சர்வரில் தினசரி பேக்கப் இருக்க வேண்டும் என்பது விதி.

இந்த வாரமே உங்கள் ஆடிட்டரையும் கணினிப் பொறுப்பாளரையும் ஒன்றாக உட்கார வைத்து, எந்தத் தரவுக்கு எவ்வளவு காலம் என்று எழுதி முடிவு செய்யுங்கள். பிறகு பழைய பிரதி ஒன்றைத் திரும்ப ஏற்றிப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நம்பித் தொழில் நடத்தாதீர்கள்.