பராமரிப்பறையும் பனித்தளமும்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் காயமுற்ற, நோயுற்ற, தாயை இழந்த காட்டுயிர்களை ஏற்றுப் பேணி, உடல் தேறியதும் மீண்டும் இயற்கையில் விடும் பணி, டொராண்டோ வைல்ட்லைஃப் சென்டர் போன்ற பெரிய நிறுவனங்களில் மட்டுமன்றி, சிறுநகரங்களிலும் கிராமப்புறங்களிலும் அனுமதி பெற்ற தனிமனிதர்களின் வீடுகளிலும் நடைபெறுகிறது. இவ்வாறு அனுமதி பெற்றவரை அங்குள்ள நடைமுறை ‘காட்டுயிர்க் காப்பாளர்’ என்று குறிக்கிறது. இத்தகைய வீட்டில் பள்ளி வயதுப் பிள்ளைகள் இருந்தால், அவர்களுள் ஒருவராவது உள்ளூர்ச் சங்கத்தின் இளையோர் ஐஸ் ஹாக்கி அணியில், அதாவது உறைபனித் தளத்தில் ஸ்கேட் அணிந்து ‘பக்’ எனப்படும் கனத்த ரப்பர் வட்டைக் கோலால் செலுத்தி ஆடும் அணியில், இடம்பெற்றிருப்பது அந்நாட்டில் அரிதன்று. இவ்விரு பொறுப்புகளும் ஒரே கூரையின் கீழ் சேரும்போது எழும் சிக்கல்களும், அவற்றைச் சமாளித்த குடும்பங்களின் அனுபவத்திலிருந்து பெறத்தக்க நடைமுறைகளும் இங்கே தொகுத்துக் கூறப்படுகின்றன. மீட்கப்பட்ட விலங்கைக் குடும்ப உறுப்பினராகக் கருதாத வீட்டில்தான் இரண்டும் நிலைத்து நடக்கின்றன என்பதே அவ்வனுபவத்தின் சாரம்.

இந்நிலைப்பாட்டுக்குச் சட்டமும் துணை நிற்கிறது. ஒன்டாரியோவின் 1997ஆம் ஆண்டு மீன், காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காட்டு விலங்கைச் செல்லப் பிராணியாக வளர்க்க இயலாது. அடிபட்ட விலங்கைக் கண்டெடுத்த பொதுமக்கள், காப்பாளரிடமோ கால்நடை மருத்துவரிடமோ கொண்டுசேர்ப்பதற்காக 24 மணி நேரம் வரை மட்டுமே அதை வைத்திருக்கலாம். வலசைப் பறவைகளுக்கு, 1994ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டத்தின்கீழ்த் தனி அனுமதி வேண்டும். காப்பாளரின் வீட்டிலும் விலங்கு விருந்தாளியாகவே தங்குகிறது. காட்டில் பிழைக்கும் நிலையை அது அடைந்ததும் அதன் தங்கல் முடிவுக்கு வர வேண்டும். ஆகவே குட்டிகளுக்குப் பெயர் சூட்டுவது, உறவினர் வருகையின்போது கூண்டைக் காட்சிக்கு வைப்பது, ஹாக்கி அணியின் சின்னமாக ஒரு ரக்கூன் குட்டியைப் பனித்தள அரங்குக்குக் கொண்டுசெல்வது ஆகிய ஆசைகள் எவ்வளவு இயல்பாகத் தோன்றினாலும், முதல் நாளிலேயே அவற்றை மறுத்துவிடுவதே முறை.

நாட்காட்டியைப் பார்க்கும்போது இரு பொறுப்புகளும் ஒன்றுக்கொன்று வழிவிடுவதாகவே முதலில் தோன்றும். இளையோர் ஹாக்கிப் பருவம் செப்டம்பரில் அல்லது அக்டோபரில் தொடங்கி மார்ச் வரை நீள்கிறது. குட்டிகளின் வரவு ஏப்ரலில் தொடங்கி ஆகஸ்ட் வரை உச்சத்தில் இருக்கிறது. ஆனால் அப்பகுதியின் சாம்பல் அணில்கள் ஆண்டுக்கு இருமுறை ஈனுகின்றன; முதல் ஈற்றுக் குட்டிகள் புயலிலும் மரவெட்டிலும் கூடிழந்து மார்ச் இறுதியில் வரத் தொடங்கும்போது வீட்டுப் பிள்ளையின் அணி இறுதிச்சுற்று ஆட்டங்களில் இருக்கும்; இரண்டாம் ஈற்றுக் குட்டிகள் செப்டம்பரில் வரும்போது புதிய பருவத்தின் பயிற்சிகள் தொடங்கியிருக்கும்; பல சங்கங்களில் அடுத்த ஆண்டு அணிக்கான தேர்வும் வசந்த காலத்திலேயே நடந்துவிடுகிறது. குளிர்காலமும் முழு ஓய்வு தருவதில்லை. உறைகுளிரில் காதும் வாலும் கருகிய, ஒப்போசம் எனப்படும் பைப்பாலூட்டிகளும், பரண்களில் உறக்கம் கலைந்த வௌவால்களும், குளிருக்கு முன் விடுவிக்க முடியாமல் போன பிந்திய ஈற்று அணில்களும் வசந்தம் வரை தங்க நேரும். எனவே மார்ச், செப்டம்பர் ஆகிய இரு மாதங்களில் எத்தனை குட்டிகளை ஏற்பது என்ற வரம்பைப் பருவம் தொடங்கும் முன்பே முடிவுசெய்து, அவ்வரம்பைக் கடந்து வருபவற்றை வேறு காப்பாளருக்கு அனுப்பும் ஏற்பாட்டையும் செய்துகொள்ள வேண்டும். இரக்கத்தின் பெயரால் வரம்பை மீறும் வீட்டில் குட்டிகளும் நலிகின்றன, பிள்ளைகளும் நலிகிறார்கள்.

அன்றாட நேர ஒழுங்கின் கடுமையை உணர ஓர் அணில் குட்டிக்குப் பாலூட்டும் முறையைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயன்தரும். குளிர்ந்த உடலோடு வரும் குட்டிக்கு உடனே உணவு கொடுக்கலாகாது. முதலில் வெப்பத்திண்டின் மேல் துணி விரித்து உடலைச் சூடேற்றி, பின்னர் நீரிழப்பைப் போக்கும் உப்புக்கரைசலைத் துளித்துளியாக அளித்து, அது தேறிய பிறகே பால்மாவுக்கு மாற வேண்டும். பசும்பால் வயிற்றுப்போக்கை உண்டாக்கி உயிருக்கே ஊறு விளைவிக்கும் என்பதால், நாய்க்குட்டிகளுக்கான பால்மாவை அடிப்படையாகக் கொண்ட கலவையே வழங்கப்படுகிறது. ஒரு வேளைக்குரிய அளவு ஏறத்தாழ உடல் எடையில் நூற்றில் 5 பங்கு. அதாவது 40 கிராம் எடையுள்ள குட்டிக்கு 2 மில்லிலிட்டர். குட்டியை மல்லாத்திப் பிடிக்காமல், நெஞ்சு கீழ்நோக்கிய நிலையில் தலையைச் சற்று உயர்த்தி, ஊசி நீக்கிய 1 மில்லிலிட்டர் சிரிஞ்சால் மெதுவாக ஊட்ட வேண்டும். மூக்கில் பால் குமிழியிட்டால் உடனே நிறுத்தித் தலையைத் தாழ்த்தித் துடைக்காவிட்டால், பால் நுரையீரலுக்குள் புகுந்து நுரையீரல் அழற்சியில் முடியும். ஊட்டியதும் வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் அடிவயிற்றையும் கழிவுத்துளைகளையும் மெல்ல வருடி, தாய் நக்குவதால் ஏற்படும் தூண்டலை உண்டாக்கினால்தான் கண் திறவாத குட்டி சிறுநீர் கழிக்கும். இத்தனையும் மிக இளைய குட்டிகளுக்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறையும், ஏறக்குறைய ஐந்து வாரத்தில் கண் திறந்த பிறகு நான்கைந்து மணி நேரத்துக்கு ஒருமுறையும் திரும்பத் திரும்ப நடைபெற வேண்டும்.

பிள்ளைக்குக் காலை 6 மணிக்குப் பனித்தளம் ஒதுக்கப்பட்டிருக்கும் நாளில் இவ்வட்டவணை அதற்கு முன்னும் பின்னுமாக நகர்த்தப்படுகிறது. 5 மணிக்கு ஒரு வேளை ஊட்டிவிட்டுப் புறப்பட்டு, 8 மணிக்குத் திரும்பி வந்து அடுத்த வேளையை ஊட்டுவது பழகிய குடும்பங்களின் வழக்கம். அவசரமே இங்குப் பெரும்பகை. பயிற்சிக்கு நேரமாகிறது என்ற பதற்றத்தில் சிரிஞ்சை வேகமாக அழுத்துவதைக் காட்டிலும், ஒரு வேளை அரைமணி தள்ளிப்போவது குட்டிக்கு நல்லது. அவ்வாறே, அரங்குக்கு அழைத்துச்செல்லும் பொறுப்பை அணியின் இன்னொரு பெற்றோரிடம் முறைவைத்து ஒப்படைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெளியூரில் வார இறுதிப் போட்டி அமையும்போது குட்டிகளை விடுதி அறைக்கு எடுத்துச்செல்வது அனுமதிக்கும் ஒவ்வாது, விலங்குக்கும் ஒவ்வாது. இரு பெரியவர்களுள் ஒருவர் வீட்டில் தங்க வேண்டும், அல்லது அனுமதி பெற்ற மற்றொருவர் பொறுப்பேற்க வேண்டும். எப்போதும் ஒரே பெற்றோர் தங்கி, எப்போதும் ஒரே பெற்றோர் அரங்கில் அமரும் ஏற்பாடு, சில ஆண்டுகளில் பிள்ளையின் மனத்தில் ஒருவரைக் குட்டிகளுக்கு உரியவராக ஆக்கிவிடுவதால், முறை மாற்றிக்கொள்வதே நன்று.

இடப் பிரிவினையில் பெரும்பாலான வீடுகள் தடுமாறுவது கார் கொட்டகையில்தான். கூண்டுகளை வைக்க வசதியான வெறுமையான இடம் அதுவே; பிள்ளை கோலும் பக்கும் கொண்டு சுவரை நோக்கி அடித்துப் பழகும் இடமும் அதுவே. காட்டுயிருக்கு மனிதக் குரலும் திடீர் ஓசையும் வேட்டை விலங்கின் வருகைக்கு ஒப்பான அச்சம் தருவன. மானினத்தில் இவ்வச்சத்தின் மிகுதியால் தசைகள் சிதைந்து, பிடிபட்ட சில நாட்களுக்குள் விலங்கு இறந்துபோவதும் உண்டு. பலகையில் பக் மோதும் ஒலி நிறைந்த கொட்டகையில் ஒரு முயல் உணவெடுக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆதலால் பராமரிப்பறை வீட்டின் நடமாட்டம் குறைந்த மூலையில், இருண்டதாய், தனிக்கதவுடன் அமைய வேண்டும். வியர்வையில் ஊறிய ஹாக்கிப் பையை விரித்து உலர்த்தும் இடமும் அவ்வறையும் ஒன்றாகவே கூடாது. விலங்குகளோடு பழகும்போது அணியும் மேலாடையும் காலணியும் அவ்வறைக்குள்ளேயே தங்க வேண்டும்.

இவ்விதியின் காரணம் நோய்த்தொற்று. ரக்கூனின் குடலில் வாழும் ஒருவகை உருளைப்புழுவின் முட்டைகள், எச்சத்தில் வெளிவந்து இரண்டு முதல் நான்கு வாரங்களில் தொற்றும் திறன் பெறுகின்றன. வழக்கமான கிருமிநாசினிகள் அவற்றைக் கொல்வதில்லை, கொதிநீர் கொல்கிறது. உட்சென்றால் மூளையையும் கண்ணையும் தாக்கும் இப்புழு, கண்டதை வாயில் வைக்கும் சிறு குழந்தைகளுக்கே மிகவும் ஆபத்தானது. எனவே எச்சத்தை அன்றன்றே அகற்றுவது தூய்மைப் பழக்கம் என்பதற்கும் மேலாக உயிர்க்காப்பு நடவடிக்கையாகிறது. ரேபிஸ் எனப்படும் வெறிநோயை ரக்கூன், ஸ்கங்க் என்னும் நாற்றம் பீய்ச்சும் சிறுவிலங்கு, நரி, வௌவால் ஆகியவை பரப்பக்கூடும். 2015 டிசம்பரில் ஹாமில்டன் நகரில் ரக்கூன் வகை ரேபிஸ் தலையெடுத்தது. 2024இல் வௌவால் வழித் தொற்றால் ஒரு குழந்தை இறந்தது, ஒன்டாரியோவுக்குள்ளேயே ரேபிஸ் தொற்றி ஒருவர் இறந்தது 1967க்குப் பிறகு அதுவே முதன்முறை. முன்தடுப்பூசி பெற்ற பெரியவர்கள் மட்டுமே இவ்வினங்களைத் தொட வேண்டும். பள்ளிப் பிள்ளைகளும் மழலைகளும் இருக்கும் வீடு இவ்வினங்களை ஏற்காமல் அணில், முயல் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வதே பொறுப்பான முடிவு. பழம் நறுக்குவது, பாத்திரம் கழுவுவது, சமையலறைத் தராசு காட்டும் அன்றைய எடையைக் குறிப்பேட்டில் எழுதுவது ஆகியவை பிள்ளைகளுக்கு ஏற்ற பணிகள். தினமும் எடை எழுதும் பிள்ளை, குட்டி தேறுவதையும் தேய்வதையும் பெரியவர்களுக்கு முன்பே கண்டுகொள்ளும்.

ஹாக்கியிலும் உடல் நலமே முதல் கருத்தாக வேண்டும். எதிராளியை உடலால் மோதித் தடுக்கும் உத்தியை ஹாக்கி கனடா 2013இல் பன்னிரண்டு வயதுப் பிரிவிலிருந்து நீக்கியது. அதற்கு மேற்பட்ட போட்டிப் பிரிவுகளில் அது இன்றும் உண்டு. முழு முகக்காப்புடன் கூடிய தலைக்கவசமும், ஸ்கேட்டின் கத்திவிளிம்பிலிருந்து கழுத்தைக் காக்கும் பட்டையும் சிறார் ஆட்டத்தில் கட்டாயம். 2013இல் ரக்பி ஆட்டத்தில் அடுத்தடுத்து ஏற்பட்ட தலையதிர்ச்சிகளால் 17 வயதில் இறந்த ரோவன் ஸ்ட்ரிங்கரின் பெயரால் 2018இல் இயற்றப்பட்ட ரோவன் சட்டம், தலையதிர்ச்சி ஐயம் எழுந்ததும் ஆட்டக்காரரை உடனே வெளியேற்றவும், மருத்துவ ஒப்புதலின்றி மீண்டும் களமிறக்காதிருக்கவும் ஒன்டாரியோ விளையாட்டு அமைப்புகளைக் கட்டாயப்படுத்துகிறது. பராமரிப்பு வீட்டுப் பெற்றோர், ஒரு பறவையின் சமநிலைக் குலைவை நொடியில் கவனிக்கும் பயிற்சி பெற்றவர்கள். அதே கண்ணால் தம் பிள்ளையின் தள்ளாட்டத்தையும் காண வேண்டும், ‘இன்னும் ஓர் ஆட்டம்’ என்ற கெஞ்சலுக்கு இடங்கொடுக்கலாகாது. அணித்தேர்வில் பிள்ளை நீக்கப்படும் நாளில், வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஆட்டத்தை அலசுவதைத் தவிர்த்து, அன்றைய வேலைக்குப் பிள்ளையை அழைத்துக்கொள்வது பலன் தருவதாகக் காணப்படுகிறது. கழுவ வேண்டிய பாத்திரங்கள் ஆறுதல் சொல்வதில்லை என்றாலும் கைக்கு வேலை தருகின்றன.

பிரிவு இவ்வீடுகளில் அடிக்கடி நிகழ்வது. வருபவற்றில் பல பிழைப்பதில்லை. இறந்த குட்டியை ‘தூங்கிவிட்டது’ என்று மறைத்துக் கூறும் வீட்டில் பிள்ளைகள் பெரியவர்களின் பிற சொற்களையும் நம்பாமல் போகிறார்கள். நேராகச் சொல்வதே அன்பு. பிழைத்தவற்றைப் பொறுத்தவரை, தனித்து வளரும் குட்டி மனிதரையே தன் இனமாகப் பதித்துக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். கான்ராட் லோரென்ஸ் 1935இல் வாத்துக் குஞ்சுகளைக் கொண்டு விளக்கிய இப்பதிவு ஒருமுறை நிகழ்ந்தால் விடுவிப்பே அரிதாகிவிடும். ஆகவே ஒற்றைக் குட்டியைத் தம்மிடமே வைத்துக்கொள்ளும் ஆசையை விட்டு, அதே இனக் குட்டிகளை வளர்க்கும் காப்பாளரிடம் அனுப்பிவைக்க வேண்டும். ஏறக்குறைய 12 முதல் 14 வாரத்தில் அணில்கள் வெளிக்கூண்டிலிருந்து மரத்துக்கு ஏறும் நாள் ஹாக்கி ஆட்டத்தோடு மோதினால், ஆட்டத்துக்குச் செல்வதே தக்கது. காற்றும் மழையுமற்ற வேறொரு நாள் விடுவிப்புக்குக் கிடைக்கும், அணித் தோழர்கள் பிள்ளைக்காகக் காத்திருப்பது அந்நாளில் மட்டுமே.

காட்டுயிரை வீட்டில் பேணாத குடும்பங்களுக்கும் இதில் பங்குண்டு. புறக்கடையில் நிற்கும் ஹாக்கி வலையிலும் கால்பந்து வலையிலும் இரவில் ஆந்தை, ஸ்கங்க், நரி ஆகியவை சிக்கிக்கொள்கின்றன. ஆட்டம் முடிந்ததும் வலையைச் சுருட்டி உயர்த்திவைப்பதற்கு ஒரு நிமிடம் போதும். புல்வெளிப் பள்ளத்தில் தனித்திருக்கும் முயல் குட்டிகளின் தாய் விடியலிலும் அந்தியிலும் மட்டுமே வந்து பாலூட்டுகிறது. புதரடியில் அசையாமல் படுத்திருக்கும் மான்கன்றும் பெரும்பாலும் தாயால் விட்டுச்செல்லப்பட்டு அதன் வருகைக்காகக் காத்திருப்பதே. டொராண்டோ பகுதியின் ஸ்கார்பரோவிலும் மார்க்கமிலும் பிராம்ப்டனிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் உட்பட, ஒன்டாரியோவினர் அனைவருக்கும் ஒரு வேண்டுகோள்: இத்தகைய குட்டியைக் கண்டால் தொடாமல் விலகி நின்று காத்திருங்கள்; காயமோ குருதியோ கண்டால், பாலோ சோறோ கொடுக்காமல், காற்றோட்டமுள்ள மூடிய பெட்டியில் இருட்டிலும் வெதுவெதுப்பிலும் வைத்து, அன்றே அனுமதி பெற்ற காப்பாளரை அழையுங்கள்; அது ரக்கூனாகவோ ஸ்கங்காகவோ நரியாகவோ வௌவாலாகவோ இருந்தால் பெட்டியில் வைக்கவும் முயலாமல், பிள்ளைகளை அகற்றிவிட்டு அழையுங்கள்.