ஒரு விளையாட்டின் இரு பாடங்கள்

ஒரு நூலின் ஏட்டுப் பிரதிகள் பலவற்றை ஒருங்கே வைத்து ஒப்பு நோக்குவார்க்கு மூவகை வேறுபாடுகள் புலனாகும். ஏடெழுதினோன் கைப்பிழை ஒன்று. பின்னோர் செய்த திருத்தம் மற்றொன்று. இடையே புகுத்தப்பட்ட செருகல் பிறிதொன்று. இவற்றைப் பகுத்துணர்தல் தமிழ் பயில்வார்க்குப் பழகிய தொழில். அத்தொழிலை ஏடல்லாத ஒன்றின்மேற் செலுத்திப் பார்ப்போம் என்று யாம் எண்ணியதன் பயனே இக்கட்டுரை. எடுத்துக்கொண்ட பொருள் சிறுவர் ஆடும் வீடியோ விளையாட்டு என்று கேட்டுச் சிலர் நகைத்தலுங் கூடும். நகைப்போர் சிறிது பொறுத்தருள்க.

போக்கிமான் என்பது ஜப்பான் நாட்டில் கேம் ஃப்ரீக் என்னும் குழுவினர் இயற்றிய விளையாட்டு வரிசை. ஆடுவோன் காடும் மலையும் திரிந்து விந்தை உயிர்களைப் பந்துகளுள் அகப்படுத்திப் பழக்கி, பிறருடைய உயிர்களோடு பொரவிட்டு வெல்லல் வேண்டும். 1996-இல் வந்த முதல் விளையாட்டில் அவ்வுயிர்கள் 151. அதன் தொடர்ச்சியாக 1999 நவம்பரில் 'கோல்டு', 'சில்வர்' என்னும் இரட்டைப் பதிப்புகள் கேம் பாய் கருவிக்கென வெளிப்போந்தன. உயிர்கள் 251 ஆயின. பத்தாண்டு கழித்து, 2009 செப்டம்பரில், அக்குழுவினரே அவற்றைப் புதுக்கி, 'ஹார்ட்கோல்டு', 'சோல்சில்வர்' எனப் பெயரிட்டு, நிண்டெண்டோ டிஎஸ் கருவிக்கு அளித்தனர். முன்னவற்றை மூலம் என்றும் பின்னவற்றைப் புத்துரு என்றும் ஈண்டு வழங்குவோம்.

முதற்கண் திருத்தங்களை நோக்குவோம். அசேலியா என்னும் சிற்றூரில் கர்ட் என்னும் முதியோர் ஒருவர் உளர். ஏப்ரிகார்ன் என்னும் காய்களைக் கொடுத்தால் அவற்றைக் குடைந்து தனித்திறம் வாய்ந்த பந்துகள் செய்து தருவார். அவற்றுள் 'லவ் பால்' என்பது, நம்பால் நின்று பொரும் உயிரின் இனத்ததாய், ஆனால் எதிர்ப்பாலினதாய் உள்ள உயிரை எளிதிற் பிடித்தற்கு உரியது. மூலத்திலோ, நிரல் எழுதினோர் பிழையால், அஃது ஒரே பாலினதாய் இருப்பின் மட்டுமே பயன்பட்டது! 'மூன் பால்' கருதிய பயனை அறவே தரவில்லை. ஓடும் இயல்புடையவற்றையெல்லாம் பிடித்தற்கென அமைந்த 'ஃபாஸ்ட் பால்' மூன்றே உயிர்களிடத்துச் செல்லுபடியாயிற்று. முதியவர் சொல் ஒன்றாகவும் பந்தின் செயல் வேறாகவும் நின்ற இப்பிழைகளைப் புத்துரு களைந்தது. ஆக்கியோன் கருத்து இன்னதென்று மூலமே கூறி நிற்றலின், இத்திருத்தத்தைக் குறைகூறுவார் யாருமிலர்.

ஸ்னீசல் என்னும் உயிரின் நிலை இதனினும் ஆராயத்தக்கது. அதற்கு உடல்வலி 95. சிறப்பு வலியோ 35 மட்டுமே. இருளும் பனியும் அதன் இயல்புகள். ஆனால் மூலத்தின் விதிப்படி அவ்விருவகைத் தாக்குதல்கள் அனைத்தும் சிறப்பு வலியினாலேயே அளக்கப்பட்டன. நகமும் வேகமும் பெற்ற ஓர் உயிர், தனக்குரிய வலியைத் தன் இயல்புக்குரிய தாக்குதலில் ஒரு சிறிதும் காட்ட இயலாது கிடந்தது. தாக்குதல் ஒவ்வொன்றையும் தனித்தனியே வகுத்து, கடித்தலும் குத்தலும் உடல்வலியின்பாற்படும் எனக் கொள்ளும் புதிய விதி 2006-இல் 'டைமண்டு', 'பேர்ல்' என்னும் பதிப்புகளில் தோன்றியது. புத்துரு அதனை ஏற்றது. இது பிழைதிருத்தம் அன்று, இலக்கண மாற்றம். எனினும் ஸ்னீசலுக்கு நீதி கிடைத்தது.

2000-இல் வந்த 'கிரிஸ்டல்' என்னும் இடைப் பதிப்பினின்றும் சில பகுதிகள் புத்துருவில் இடம்பெற்றன. சூயிகூன் என்னும் அரிய உயிரைத் தேடியலையும் யூசின் என்பானுடைய கதை அவற்றுள் ஒன்று. பெண்ணொருத்தி கதைத்தலைவியாக நிற்றலை அவ்வரிசையில் முதன்முதல் தந்ததும் கிரிஸ்டலே. புத்துருவிலும் தலைவி உண்டு. ஆனால் அவள் வேறொருத்தி. பழையவள் ஏன் விடப்பட்டாளோ! எமக்கு இஃது ஒரு குறையாகவே தோன்றுகின்றது.

பரிசுக் காசு வெல்லும் கூடத்தில் மூலம் சூதாட்டப் பொறிகளை வைத்திருந்தது. ஜப்பானியப் புத்துருவில் அவை நின்றன. மேனாட்டுப் பதிப்புகளிலும் கொரியப் பதிப்பிலும் அவை நீங்க, 25 சீட்டுகளைக் கணக்கிட்டுத் திருப்பும் ஒரு புதிய ஆட்டம் வந்தது. ஆக, ஒரே புத்துருவுக்குள்ளேயே பாடவேறுபாடு உண்டு.

இனி எம் கட்டுரையின் உயிர்நிலைக்கு வருவோம். மூலத்தின் கதை, முதல் விளையாட்டு நிகழ்ந்து மூன்றாண்டு கழிந்தபின் நிகழ்வது. ஜோட்டோ நாட்டில் எட்டுச் சின்னங்கள் பெற்று, தலைவரையும் வென்றவன், பழைய கான்டோ நாட்டிற் புகுகின்றான். அங்கே அவன் காண்பது யாது? சின்னபார் தீவு எரிமலையால் அழிந்துகிடக்கின்றது. இறந்த உயிர்களின் கல்லறைக் கோபுரம் வானொலி நிலையமாயிற்று. விரிடியன் காடு வெறும் வழியாகக் குறுகிற்று. மியூட்டூ வாழ்ந்த குகைக்கு வழியில்லை. கார்ட்ரிட்ஜில் இடம் சிறிது. ஆதலால் சுருக்கினர் போலும். காரணம் எதுவாயினும், ஆடினோர்க்கு அது காலத்தின் கையாகவே தோன்றிற்று. இளமையில் விட்டகன்ற ஊரை மீண்டுங் கண்டவன் உறும் ஏக்கம் அதில் இருந்தது.

புத்துரு அக்காட்டை மீண்டும் அடர வளர்த்தது. குகையைத் திறந்து மியூட்டூவை உள்ளே நிறுத்தியது. ஆடுவோர்க்கு இவை இன்பமே. எனினும், ஏட்டில் சிதைந்த அடியைத் தன் கருத்தால் நிரப்பும் பதிப்பாசிரியர் செயலும் இதுவும் வேறல்ல என்பது எம் துணிபு. சின்னபார் தீவை மட்டும் அவர்கள் அழிந்தவாறே விட்டனர். அவ்வடக்கம் போற்றற்குரியது. சில்வர் மலையுச்சியில் நிற்கும் ரெட் என்பானையும் அவ்வாறே விட்டனர். அவன் முதல் விளையாட்டின் நாயகன். அவனுடைய பிகாச்சுவின் நிலை 81 என்பது 88 ஆயிற்று. போர்க்களத்தில் ஆலங்கட்டி பொழிகின்றது. அவனோ முன்போலவே ஒரு சொல்லும் பேசான்.

இவ்வளவு நுணுகி ஆராய்வது எற்றுக்கு எனின், மூலம் அழிந்து வருகின்றது. கோல்டு, சில்வர் கார்ட்ரிட்ஜுகளுள் கடிகாரத்தை ஓட்டுவதும் ஆடினோன் சேமித்ததைக் காப்பதும் ஒரு சிறு மின்கலமே. அது தீர்ந்ததும், பல நாள் வளர்த்த உயிர்கள் ஓரிரவில் இல்லையாகும். 2017-இல் மூலத்தை நிண்டெண்டோ 3டிஎஸ் கருவிக்கு மீண்டும் விற்றனர். 2023 மார்ச்சில் அக்கருவிக்குரிய இணையக் கடையில் விற்பனை நின்றது. மூலத்தைக் காணாதார்க்குப் புத்துருவே மூலமாகிவிடும். அடர்ந்த காட்டையே கண்டவர், அது குறுகிக் கிடந்த காலம் ஒன்றுண்டு என்பதை எங்ஙனம் அறிவர்?

புதுக்கினோர் இதனை முற்றும் மறந்தவரல்லர். 16 சின்னங்களும் பெற்றவனுக்குச் செலடான் நகரில் ஒரு கருவி கிடைக்கும். அதனை இயக்கின், புதிய இசை அடங்கி, கேம் பாயின் பழைய மெல்லொலி எழும். யாம் அதனைக் கேட்டு உவந்தோம். பின்னர் 47-ஆம் வழியில் நடந்தபோது ஓர் ஐயம் எழுந்தது. அவ்வழி மூலத்தில் இல்லை, புத்துருவில் முளைத்தது. அங்கும் அக்கருவி பழைய ஒலியிலேயே பாடுகின்றது. என்றும் இல்லாத பாதைக்குப் பழைய பாட்டு! பண்டைய யாப்பில் பிற்காலத்தான் இயற்றிய இனிய செருகற் செய்யுள் போன்றது அது. நீக்க மனம் வரவில்லை. மூலம் எனக் கொள்ளவும் இயலவில்லை.